பட்டா முதல் வரப்பு வழி வரை: விவசாய நிலம் பற்றி அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

நிலம் வாங்கப் போகிறவர்கள், பாகம் பிரிக்க உட்கார்ந்திருப்பவர்கள், நகரத்திலிருந்து திரும்பி வந்து பயிர் வைக்க நினைப்பவர்கள் மாறி மாறிக் கேட்கும் கேள்விகள் இவை. சட்டமும் நடைமுறையும் தமிழ்நாட்டுக்கு உரியவை. ஒரு காகிதம் சொல்லாததையும் அது சொல்வதாக நம்புவதுதான் இங்கே வரும் பெரும்பாலான தவறுகளுக்கு வேர்.

பட்டா என் பேரில் இருக்கிறது. அப்படியானால் நிலம் என்னுடையதுதானே?

பட்டா வருவாய்த் துறையின் கணக்கு. இந்தச் சர்வே எண்ணுக்குத் தீர்வை (நில வரி) யாரிடம் வசூலிப்பது என்பதற்காக வைத்திருக்கும் பதிவு. அது உரிமைக்கு ஒரு சான்றாக உதவும். உரிமையைத் தானே உண்டாக்காது. இருவர் வழக்குக்குப் போனால் நீதிமன்றம் முதலில் கேட்பது பத்திரத்தை: கிரயம், செட்டில்மென்ட், பாகப்பிரிவினை, உயில் என்று கைமாறி வந்த தொடர்ச்சியை.

இதன் மறுபக்கமும் உண்டு. பத்திரம் பதிவாகிவிட்டாலே உரிமை உறுதி என்பதும் தவறு. ‘இன்னார் இன்னாருக்கு எழுதிக் கொடுத்தார்’ என்பதுதான் பதிவின் பொருள். எழுதிக் கொடுத்தவருக்கு அந்த நிலம் சொந்தமா என்று சார்பதிவாளர் அலுவலகம் விசாரித்துத் தீர்ப்பு சொல்வதில்லை. பவர் வைத்திருப்பவர் உரிமையாளரே அல்ல. பவர் பத்திரத்தாலும் வெறும் ஒப்பந்தத்தாலும் சொத்து கைமாறாது என்று உச்ச நீதிமன்றம் 2011-லேயே தெளிவாகச் சொல்லிவிட்டது.

எந்தத் தாள் எதைச் சொல்கிறது என்று பிரித்து வைத்துக்கொள்ளுங்கள். சிட்டா: இன்னார் பேரில் எந்தெந்தச் சர்வே எண்கள், எவ்வளவு பரப்பு, நஞ்சையா புஞ்சையா. அடங்கல்: அந்த எண்ணில் இந்தப் பசலியில் (வருவாய்த் துறையின் ஆண்டில்) என்ன பயிர். ‘ஏ’ பதிவேடு: நிலத்தின் வகை, அரசுப் புறம்போக்கா தனியாருடையதா. புலப்படம்: நிலத்தின் வடிவம், கல் இருக்கும் இடம், மீட்டரில் அளவு. அடங்கல் ஆண்டுக்கு ஆண்டு மாறும். பசலி ஜூலை 1-இல் தொடங்கி ஜூன் 30-இல் முடியும். ஜூலையில் நடக்கும் ஆங்கில ஆண்டிலிருந்து 590-ஐக் கழித்தால் பசலி எண் வரும். 2024 ஜூலையில் தொடங்கியது பசலி 1434. பயிர்க்கடனுக்குப் போன பசலி அடங்கலை நீட்டித் திருப்பி அனுப்பப்படுகிறவர்கள் ஏராளம்.

பட்டாவில் பரப்பு 0-40.50 என்று இருக்கிறது. 40 சென்ட்தானா?

இல்லை, ஒரு ஏக்கர். பயப்பட வேண்டாம்.

பட்டாவில் பரப்பு ஹெக்டேர்-ஏர் கணக்கில் வரும். கோட்டுக்கு முன்னால் இருப்பது ஹெக்டேர், பின்னால் இருப்பது ஏர். 1 ஏர் என்பது 100 சதுர மீட்டர், அதாவது 2.47 சென்ட். 40.50-ஐ 2.47-ஆல் பெருக்கினால் 100 சென்ட். பழைய பத்திரம் ஏக்கர்-சென்ட்டில் இருக்கும், பட்டா ஏரில் இருக்கும்; இரண்டையும் பக்கத்தில் வைத்துப் பார்த்துவிட்டு ‘அறுபது சென்ட்டைத் திருடிவிட்டார்கள்’ என்று பங்காளிகள் சண்டைக்குப் போவது நடக்கிறது.

தஞ்சைப் பக்கம் இன்னொரு கணக்கு. 12 அடிக்கு 12 அடி ஒரு குழி, 100 குழி ஒரு மா, 20 மா ஒரு வேலி. ஒரு மா ஏறத்தாழ 33 சென்ட், ஒரு வேலி 6 ஏக்கர் 61 சென்ட். குழியின் அளவு ஊருக்கு ஊர் மாறும். அதனால் வாய்ப்பேச்சில் குழி, மா என்றால் எந்தக் கோல் என்று கேட்டுவிட்டு விலை பேசுங்கள்.

பத்திரத்தில் 1 ஏக்கர், பட்டாவில் 82 சென்ட்தான் வருகிறது. மீதி எங்கே போனது?

மூன்று இடங்களில் தேட வேண்டும். ஒன்று, தாத்தா காலத்தில் பாதைக்கோ வாய்க்காலுக்கோ விட்ட நிலம். இரண்டு, அதே எண்ணில் உட்பிரிவு செய்தபோது அடுத்தவர் கணக்கில் ஏறியது. மூன்றாவதுதான் அதிகம்: 1980-களில் நடந்த நில உடைமை மேம்பாட்டுத் திட்டம், ஊர் வழக்கில் ‘யுடிஆர்’. பழைய பட்டாக்களைப் புதிய கணக்குக்கு மாற்றியபோது பெயர் மாறியது, பரப்பு குறைந்தது, தனிப்பட்டா கூட்டுப்பட்டா ஆனது, பட்டா நிலமே புறம்போக்கு என்று ஏறியது எல்லாம் உண்டு.

யுடிஆருக்கு முந்தைய ‘ஏ’ பதிவேட்டின் நகல், அந்தக் காலத்துப் பத்திரம், இப்போதைய சிட்டா, புலப்படம் நான்கையும் சேர்த்து வருவாய்த் துறையிடம் திருத்த மனு கொடுக்க வேண்டும். கிராம நிர்வாக அலுவலரால் இதைத் திருத்த முடியாது. அவரிடமே ஆறு மாதம் அலைந்துவிட்டு ‘லஞ்சம் கேட்கிறார்’ என்று முடிவு கட்டுகிறவர்களில் பாதிப் பேர் தவறான வாசலில் நிற்கிறார்கள். (மீதிப் பாதியைப் பற்றி நாம் எதுவும் சொல்லவில்லை.) பக்கத்து நிலத்துக்காரர் ஆட்சேபித்தால் விஷயம் சிவில் நீதிமன்றத்துக்குத்தான் போகும்.

வில்லங்கச் சான்று போட்டுப் பார்த்தோம், சுத்தமாக இருக்கிறது. போதாதா?

வில்லங்கச் சான்றில் (ஈசியில்) பதிவான ஆவணம் மட்டும்தான் வரும். உயில் வராது. தகப்பனார் இறந்ததும் பிள்ளைகளுக்கு வந்த வாரிசு உரிமை வராது. பத்திரப் பதிவு அலுவலகத்துக்குத் தெரிவிக்கப்படாத வழக்கு வராது. வாய்மொழிக் குத்தகை வராது.

இதைவிடப் பெரிய ஓட்டை தேடும் முறையில் இருக்கிறது. இன்றைய எண் 112/2பி1 என்று வையுங்கள். 1994-இல் அது வெறும் 112/2. அப்போது எழுதிய அடமானம் பழைய எண்ணில்தான் பதிவாகியிருக்கும். புதிய எண்ணை மட்டும் போட்டுத் தேடினால் திரை வெறுமையாக வரும், மனசு நிம்மதியாகிவிடும். பழைய எண், உட்பிரிவில்லாத மூல எண், யுடிஆருக்கு முந்தைய எண் எல்லாவற்றையும் தனித்தனியாகப் போடுங்கள். கிராமம் ஒரு காலத்தில் வேறு சார்பதிவகத்தில் இருந்திருந்தால் அங்கும் பாருங்கள். குறைந்தது 30 ஆண்டு. 1975-க்கு முந்தையதற்கு இணையத்தை நம்ப முடியாது. அலுவலகத்தில் மனுப் போட்டுக் கையால் தேட வேண்டும்.

நகை போட்டுக் கட்டிக் கொடுத்தாச்சு. மகளுக்கு நிலத்தில் ஏது பங்கு?

இருக்கிறது. இந்துக் குடும்பமானால், பூர்வீகச் சொத்தில் மகள் பிறப்பாலேயே மகனுக்குச் சமமான பங்காளி. தமிழ்நாடு 1989-லேயே அன்றைக்குத் திருமணம் ஆகாத பெண்களுக்கு இதைக் கொடுத்தது. 2005 செப்டம்பர் 9 முதல் மத்தியச் சட்டம் மணமானவர்களுக்கும் கொடுத்தது. அந்தத் தேதியில் தகப்பனார் உயிரோடு இருந்திருக்க வேண்டும் என்று கட்டாயம் இல்லை என 2020-இல் உச்ச நீதிமன்றம் சொல்லிவிட்டது. சீர், நகை, படிப்புச் செலவு எதுவும் பங்கைக் கழிக்காது.

2004 டிசம்பர் 20-க்கு முன்பே முறையாகப் பதிவாகி முடிந்த பாகப்பிரிவினையைக் கிளற முடியாது. தகப்பனார் சொந்தமாகச் சம்பாதித்து வாங்கிய நிலத்தை அவர் யாருக்கு வேண்டுமானாலும் உயில் எழுதலாம்; எழுதாமல் இறந்தால் மனைவி, மகன், மகள், தாய் எல்லோருக்கும் சமம்.

தங்கச்சி ‘எனக்கு வேண்டாம்ண்ணா’ என்று வெள்ளைத் தாளில் கையெழுத்துப் போட்டது செல்லாது. பதிவு செய்த விடுதலைப் பத்திரம் வேண்டும். அண்ணன் தம்பி பேரில் மட்டும் பட்டா மாறியிருக்கும் நிலத்தை வாங்குகிறவர் வாரிசுச் சான்றைக் கேட்டு, அதில் உள்ள பெண்கள் அத்தனை பேரும் கையெழுத்திடுகிறார்களா என்று பார்ப்பது நல்லது. பின்னால் வரும் வழக்குகளில் பெரிய பங்கு இங்கிருந்துதான் கிளம்புகிறது.

பன்னிரண்டு வருஷம் உழுதால் நிலம் உழுதவருக்குச் சொந்தமாமே?

உழுவது மட்டும் போதாது. ‘இது என்னுடையது’ என்று உரிமையாளருக்கு எதிராக, அவருக்குத் தெரியும்படி, இடைவெளி இல்லாமல் 12 ஆண்டு வைத்திருந்ததை நிரூபிக்க வேண்டும். குத்தகைக்காரரும், ‘பார்த்துக்கொள்’ என்று விடப்பட்ட உறவுக்காரரும் அனுமதியின் பேரில் இருப்பவர்கள். அவர்களுக்கு இந்தக் கணக்கே ஓடாது. அரசு நிலத்துக்கு 30 ஆண்டு. கோயில் நிலத்தைக் காலாவதிச் சட்டத்தைக் காட்டிக் கொண்டுபோக முடியாதபடி அறநிலையச் சட்டத்தில் தனிப் பிரிவே இருக்கிறது.

அப்படியானால் குத்தகைக்கு விட ஏன் எல்லோரும் பயப்படுகிறார்கள்?

பயத்தில் பாதி நியாயம் உண்டு. 1955-ஆம் ஆண்டின் சாகுபடிக் குத்தகைதாரர் பாதுகாப்புச் சட்டப்படி, தானும் தன் குடும்பமும் உடலுழைப்பால் பயிர் செய்யும் குத்தகைதாரரை நினைத்தபோது வெளியேற்ற முடியாது. குத்தகை பாக்கி, நிலத்தைப் பாழாக்குதல் போன்ற காரணங்களைக் காட்டி வருவாய் நீதிமன்றத்தில் உத்தரவு வாங்க வேண்டும். நிலத்தை விற்றாலும் குத்தகைதாரர் அங்கேயே இருப்பார். ஆனால் உரிமை எங்கும் போய்விடாது. மாறுவது அனுபவம், அதாவது நிலத்தைக் கையில் வைத்துப் பயிர் செய்வது மட்டும்.

இந்தப் பயத்தின் விலையைக் கொடுப்பது உழுகிறவர். 1969-இல் குத்தகைப் பதிவுச் சட்டம் வந்தது. இருந்தும் பெரும்பாலான குத்தகை வாய்மொழிதான், ரசீதும் கிடையாது. அடங்கலில் நில உரிமையாளர் பேரே ஏறும். உரம் போட்டவர் ஒருவர், கடனும் நிவாரணமும் போவது இன்னொருவர் கணக்குக்கு. ஆண்டுக்கு 6,000 ரூபாய் தரும் பிரதமரின் கிசான் நிதி குத்தகைதாரருக்குக் கிடையாது. 2019 பிப்ரவரி 1 அன்று யார் பேரில் நிலம் இருந்ததோ அவருக்கு, அவர் இறந்தால் வாரிசுக்குத்தான்.

விவசாயி அல்லாதவர் விவசாய நிலம் வாங்க முடியாதா?

தமிழ்நாட்டில் வாங்கலாம். ‘விவசாயிச் சான்று வேண்டும்’ என்பது மகாராஷ்டிரம், குஜராத் செய்தி. கர்நாடகத்தில் இருந்த தடையும் 2020-இல் நீங்கியது. வெளிநாடுவாழ் இந்தியர் விவசாய நிலம் வாங்க முடியாது. வாரிசாக வந்தால் வைத்துக்கொள்ளலாம்.

அளவுக்கு வரம்பு உண்டு. 1961-இல் 30 தர ஏக்கராக வந்த உச்சவரம்பு, 1970 பிப்ரவரி 15 முதல் ஐந்து பேர் கொண்ட குடும்பத்துக்கு 15 தர ஏக்கர். ஐந்துக்கு மேல் ஆளுக்கு 5 கூடும். மொத்தம் 30-ஐத் தாண்டாது. தர ஏக்கர் தீர்வையைப் பொறுத்தது. அதனால் மானாவாரிப் புஞ்சையில் அதே வரம்புக்குள் அதிக ஏக்கர் அடங்கும்.

யாரும் முன்கூட்டிக் கேட்காத கேள்வி பஞ்சமி நிலம். 1892-இல் பிரிட்டிஷ் அரசு ஒடுக்கப்பட்ட மக்களுக்கு ஒதுக்கியது. முதல் 10 ஆண்டு விற்கக் கூடாது, பிறகும் அந்தச் சமூகத்தாருக்கே விற்கலாம் என்பது நிபந்தனை. யுடிஆரில் இந்தக் குறிப்பு பல இடங்களில் விட்டுப் போனது. இன்றைய சிட்டாவில் சாதாரணப் பட்டாவாகத் தெரியும், பழைய ‘ஏ’ பதிவேட்டில் நிபந்தனை இருக்கும். கல்லும் வேலியும் போட்ட பிறகு தெரியவந்தால், கொடுத்த பணத்தை விற்றவரிடம்தான் தேட வேண்டும்.

‘பண்ணை நிலம், 5 சென்ட் முதல்’ என்று விற்கிறார்களே, வீடு கட்டலாமா?

அங்கீகாரம் இல்லாத மனைப்பிரிவு என்றால் பதிவே ஆகாது. 2016 அக்டோபர் 20 முதல் அதுதான் விதி. அந்தத் தேதிக்கு முன்பு பதிவான மனைகளுக்குத்தான் 2017-இல் வரன்முறைத் திட்டம் வந்தது. ஊராட்சித் தலைவர் முத்திரை வைத்த வரைபடம் மனைப்பிரிவு அங்கீகாரம் ஆகாது. டிடிசிபி (நகர் ஊரமைப்பு இயக்ககம்) கொடுத்த எண் வேண்டும். இதைச் சுற்றிப் போகத்தான் ஒரே சர்வே எண்ணில் பத்துப் பேருக்குப் ‘பிரிபடாத பாகம்’ எழுதித் தருகிறார்கள். கூட்டுப்பட்டா மட்டும் கிடைக்கும்; எந்த ஐந்து சென்ட் உங்களுடையது என்று எந்த ஆவணமும் சொல்லாது.

விவசாயிக்கு வருமான வரியே கிடையாது. கொடுத்து வைத்தவர்கள்தானே?

சராசரியைப் பார்த்துவிட்டுப் பேசுவோம். 2015-16 வேளாண் கணக்கெடுப்புப்படி தமிழ்நாட்டில் 79.38 லட்சம் கைப்பற்று நிலங்கள். ஒன்றின் சராசரி 0.75 ஹெக்டேர், இரண்டு ஏக்கருக்கும் குறைவு. வரி இருந்தாலும் அதைக் கட்டும் அளவுக்கு வருமானம் உள்ளவர் மிகச் சிலர்.

விலக்கு பயிர் வருமானத்துக்கு மட்டும். பால் மாடு, கோழி, தோட்டத்தைக் கல்யாணத்துக்கு வாடகைக்கு விடுவது, செங்கல் சூளைக்கு மண் விற்பது எல்லாம் வரிக்கு உட்பட்டவை. சம்பளமும் உள்ளவர் 5,000 ரூபாய்க்கு மேல் விவசாய வருமானம் காட்டினால், அது மற்ற வருமானத்தின் வரி விகிதத்தை ஏற்றும். நிலத்தை விற்றால் நகராட்சி எல்லையிலிருந்து நேர்கோட்டுத் தூரம் பார்ப்பார்கள்: 10,000 முதல் 1 லட்சம் மக்கள் தொகை என்றால் 2 கிலோமீட்டர், 10 லட்சம் வரை 6, அதற்கு மேல் 8. அதற்குள் இருந்தால் நெல் விளைந்தாலும் மூலதன ஆதாய வரி உண்டு.

பிரீமியம் கட்டினேன், வயல் மூழ்கியது. காப்பீட்டுப் பணம் ஏன் வரவில்லை?

பயிர்க் காப்பீட்டில் விளைச்சல் இழப்பைத் தனி வயலுக்குப் பார்ப்பதில்லை. அறிவிக்கப்பட்ட கிராமத்தின் சராசரி விளைச்சலை வைத்துத்தான் கணக்கு. குலுக்கலில் எடுத்த சில வயல்களில் 5 மீட்டருக்கு 5 மீட்டர் கயிறு கட்டி அறுத்து, தூற்றி, எடை போடுவார்கள். உத்தரவாத விளைச்சல் ஏக்கருக்கு 2,000 கிலோ, சராசரி 1,500 கிலோ என்றால் காப்பீட்டுத் தொகையில் 25 சதவீதம் எல்லோருக்கும். உங்கள் வயலில் ஒன்றும் விளையாமல், மேட்டு வயல்கள் தப்பித்து, சராசரி 2,000-ஐத் தாண்டினால் உங்களுக்கும் ஒன்றுமில்லை.

விண்ணப்பத்தில் கிராமப் பெயரும் உட்பிரிவு எண்ணும் அடங்கலோடு ஒத்துப் போகிறதா என்று மட்டும் சேவை மையத்தில் எழுந்திருப்பதற்கு முன் பாருங்கள். ஒரே பெயரில் இரண்டு கிராமம் இருக்கும் ஒன்றியங்களில் இந்த ஒரு சொடுக்குத் தவறு போதும்.

யூரியா கூட்டிப் போட்டால் விளைச்சல் கூடும்தானே? பயிர் கருகருவென்று வருகிறதே?

அந்தக் கருமைதான் ஆபத்து. மத்திய, நீண்ட கால நெல்லுக்குப் பொதுப் பரிந்துரை ஹெக்டேருக்குத் தழைச்சத்து 150, மணிச்சத்து 50, சாம்பல் சத்து 50 கிலோ. ஏக்கருக்குத் தழைச்சத்து 60 கிலோ. 45 கிலோ யூரியா மூட்டையில் 46 சதவீதம் தழைச்சத்து, சுமார் 20.7 கிலோ. ஆக, யூரியா மட்டும் போட்டாலும் மூன்று மூட்டைக்குள் முடிந்தது. அடியுரமாக ஒரு மூட்டை டிஏபி போட்டிருந்தால் அதிலேயே 9 கிலோ வந்துவிடும். யூரியா இரண்டரை மூட்டை போதும். டிஏபியையும் காம்ப்ளக்ஸையும் கணக்கில் எடுக்காமல் யூரியாவை மட்டும் எண்ணுவதுதான் வழக்கமான பிழை.

அடியுரம், தூர் கட்டும்போது, கதிர் உருவாகும்போது, கதிர் வெளிவரும்போது என்று நான்காகப் பிரிக்க வேண்டும். தண்ணீரை வடித்து, சேறு தெரிகிற அளவில் போட்டு, மறுநாள் தண்ணீர் கட்டுங்கள். முழங்கால் தண்ணீரில் வீசினால் பெரும்பகுதி காற்றோடும் வடிகாலோடும் போகும். மிஞ்சினால் இலை தளதளவென்று மெத்தென்றாகும். இலைச்சுருட்டுப் புழு, புகையான், குலைநோய் மூன்றும் அதைத் தேடி வரும், கதிர் முற்றும் நேரத்தில் பயிர் சாயும். இலை வண்ண அட்டை மலிவாகவே கிடைக்கிறது. முழுதாக விரிந்த மேல் இலையை உங்கள் உடல் நிழலில் வைத்து ஒப்பிட வேண்டும். வெயிலில் பார்த்தால் நிறம் ஏமாற்றும். அட்டையில் உள்ள நிற எண்ணில் வெள்ளைப் பொன்னிக்கு 3, மற்ற ரகங்களுக்கு 4. பத்து இலைகளில் பாதிக்கு மேல் அந்த நிறத்துக்கும் கீழே வெளுத்தால் மேலுரம், இல்லையென்றால் மூட்டையைக் கட்டி வையுங்கள்.

சொட்டுநீர் போட்டவர்களே இரண்டு வருஷத்தில் பிடுங்கி எறிகிறார்களே?

எறியப்படுவது அடைத்த குழாய். பக்கவாட்டுக் குழாயின் கடைசி மூடியை ஒருமுறை கழற்றிப் பாருங்கள்: முதலில் காவி நிறத்தில் சேறு, அப்புறம் வெள்ளைத் துகள், அப்புறம்தான் தண்ணீர். துகள் சுண்ணாம்பு உப்பு, சேறு பாசியும் மண்ணும். மூடியைத் திறந்து தெளிந்த நீர் வரும்வரை விடுவது வாரம் ஒரு முறைக் காரியம். வடிகட்டியின் முன்னும் பின்னும் உள்ள அழுத்தமானிகளில் வித்தியாசம் கூடினால் வடிகட்டியைக் கழுவ வேண்டும். உப்புத் தண்ணீர்க் கிணறானால் அவ்வப்போது அமிலம் விட வேண்டும். அமிலத்தைத் தண்ணீரில் ஊற்றுங்கள், தண்ணீரை அமிலத்தில் ஊற்றாதீர்கள்.

சிறு, குறு விவசாயிக்கு 100 சதவீதம், மற்றவர்களுக்கு 75 சதவீதம் மானியம். தாசில்தார் தரும் சிறு, குறு விவசாயிச் சான்று, சிட்டா, அடங்கல், புலப்படம் கேட்பார்கள். கூட்டுப்பட்டாக்காரர்கள் சிக்கிக்கொள்வது இங்கேதான்.

வீரிய ஒட்டு விதை என்றால் மரபணு மாற்றியதா?

இல்லை. இந்தியாவில் வணிகச் சாகுபடிக்கு அனுமதி பெற்ற மரபணு மாற்றுப் பயிர் பிடி பருத்தி ஒன்றுதான், 2002 முதல். பிடி கத்தரி 2010-இல் நிறுத்தப்பட்டது. வீரிய ஒட்டு என்பது இரண்டு பெற்றோரைச் சேர்த்து எடுக்கும் முதல் தலைமுறை. அதன் விதையை மறுபடி விதைத்தால் ஒன்று நெட்டை, ஒன்று குட்டை என்று சிதறும். கோ 51, ஆடுதுறை 43 போன்றவை ரகங்கள், விதை எடுத்து வைக்கலாம். மூட்டையில் நீல அட்டை சான்று விதை, வெள்ளை அட்டை ஆதார விதை.

ட்ரோனில் ஏக்கருக்குப் பத்து லிட்டர்தான். மருந்தும் அவ்வளவு மிச்சமா?

மிச்சமாவது தண்ணீரும் ஆள் கூலியும். ஏக்கருக்கு 200 மில்லி மருந்து என்றால் ட்ரோனிலும் 200 மில்லிதான். கைத்தெளிப்பானில் 200 லிட்டரில் கலந்ததை இங்கே 10 லிட்டரில் கலக்கிறோம்; கரைசல் 20 மடங்கு கெட்டி. காற்றடிக்கும்போது பறக்கவிட்டால் அந்தக் கெட்டிக் கரைசல் பக்கத்து வெற்றிலைக் கொடியில் போய் இறங்கும்.

எங்கள் வயலுக்கு மூன்று தலைமுறையாகப் பக்கத்து வரப்பில்தான் நடக்கிறோம். அறுவடை இயந்திரத்தை மறிக்கிறார், மறிக்கலாமா?

புலப்படத்தில் வண்டிப்பாதை குறித்திருந்தால் மறிக்க முடியாது. முதலில் அதைப் பாருங்கள். குறிப்பில்லை என்றாலும், 20 ஆண்டுக்கு மேல் தடையில்லாமல் உரிமையாக நடந்திருந்தால் 1882-ஆம் ஆண்டின் வசதியுரிமைச் சட்டம் அந்த வழியைக் காக்கும். ஆனால் ஒருவகை வழியுரிமை இன்னொரு வகையைக் கொண்டுவராது என்று அதே சட்டம் சொல்கிறது. தலைச்சுமையோடு நடந்த வரப்பு, பெல்ட் அறுவடை வண்டி போகும் பாதையாகத் தானே அகலாது.

அவர் அறுவடை முடியும்வரை காத்திருந்து, அவர் வயலில் அறுத்து நிற்கும் தாளின் மேல் இயந்திரத்தை இறக்கிக்கொண்டு, சேதத்துக்குப் பேசித் தீர்ப்பதுதான் பல ஊர்களில் நடைமுறை. நிரந்தரமாக வேண்டுமென்றால் பத்தடி அகலத்துக்கு வழிப்பாத்தியப் பத்திரம் பதிவு செய்யுங்கள். நீளம், அகலம், எந்த வண்டிகள் என்று எழுதி, புலப்பட நகலில் கோடு போட்டு இணையுங்கள். நிலம் வாங்கப் போகிறவர் இதை விலை பேசுவதற்கு முன்பே கேட்க வேண்டும். வழியில்லாத வயலில் இயந்திரம் இறங்காது, ஆள் வைத்து அறுக்க இப்போது ஆளும் கிடைப்பதில்லை.